எஃப்எம் சிக்னலுக்கு எவ்வளவு பட்டை அகலம்? 180, 240, 256: எதை எடுப்பது?

தொடுவானம் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. ஒலிபரப்பு எஃப்எம்மைக் கேட்க மென்பொருள் ரேடியோ ரிசீவர் ஒன்றை நானே எழுதிக்கொண்டிருக்கிறேன். சேனல் ஃபில்டரின் அகலத்தை முடிவு செய்யும் இடத்தில் நின்றுவிட்டேன்.

உச்ச அதிர்வெண் விலகல், அதாவது அலையின் அதிர்வெண் நடுவிலிருந்து ஒரு பக்கம் நகரும் அதிகபட்ச தூரம், 75 கிலோஹெர்ட்ஸ். ஒலியின் உச்ச அதிர்வெண் 15 கிலோஹெர்ட்ஸ். 2 × (விலகல் + ஒலியின் உச்ச அதிர்வெண்) என்னும் கார்சன் விதிப்படி 2 × (75 + 15) = 180 கிலோஹெர்ட்ஸ் வருகிறது. நடு அலையின் இரு புறமும் தோன்றும் பக்க அலைகளின் வீச்சைத் தரும் பெசல் அட்டவணையில் 0.01-க்கு மேல் உள்ள பக்க அலைகளை எல்லாம் எண்ணினால் ஒரு பக்கத்துக்கு 8, ஆக 2 × 8 × 15 = 240. ஸ்டீரியோவுக்கு 15-க்குப் பதில் 53 போடச் சொல்கிறார்கள், அப்போது 256. சில நாடுகளில் சேனல்களுக்கு இடையே 200 கிலோஹெர்ட்ஸ்தான் விடுகிறார்கள். 256 தேவைப்படும் சிக்னலை 200-க்குள் எப்படி அடைக்கிறார்கள்? இவற்றில் எது சரியான விடை?

சமன்பாடு எழுதியது:

மூன்றும் சரிதான். ஆனால் மூன்றும் வேறு வேறு கேள்விகளுக்கான விடைகள்.

கறாராகச் சொன்னால் எஃப்எம் சிக்னலின் பட்டை அகலம் முடிவிலி. ஒரே ஒரு தொனியால் பண்பேற்றினாலும் ஊர்தி அலையின் (செய்தியைச் சுமக்கும் நடு அலையின்) இரு பக்கமும், அந்தத் தொனியின் அதிர்வெண் இடைவெளியில், பக்க அலைகள் முடிவில்லாமல் போய்க்கொண்டே இருக்கும். n-ஆவது பக்க அலையின் வீச்சை n-ஆம் படிப் பெசல் சார்பு தருகிறது. அதற்குள் போடும் எண் பண்பேற்றக் குறியெண், அதாவது பீட்டா: விலகலைச் செய்தி அதிர்வெண்ணால் (இங்கே ஒலியின் அதிர்வெண்ணால்) வகுத்தது. உங்கள் கணக்கில் 75 / 15 = 5. பீட்டாவைத் தாண்டியதும் பக்க அலைகள் மளமளவென்று சரிந்துவிடும். அதனால்தான் எங்கோ ஓர் இடத்தில் வெட்ட முடிகிறது. எங்கே வெட்டுவது என்பதற்கு இயற்கை விடை சொல்லாது, நாம்தான் ஒரு அளவுகோல் வைக்க வேண்டும்.

பீட்டா 5-க்குப் பெசல் மதிப்புகளைப் பாருங்கள். ஊர்தி அலை -0.178, பிறகு வரிசையாக -0.328, 0.047, 0.365, 0.391, 0.261, 0.131, 0.053, 0.018, 0.0055. ஒவ்வொன்றையும் வர்க்கப்படுத்தி, பக்க அலைகளுக்கு மட்டும் இரண்டால் பெருக்கிக் கூட்டினால் திறன் கிடைக்கும். 5 ஜோடி வரை கூட்டினால் மொத்தத் திறனில் 95.9 சதவீதம். 6 ஜோடி வரை போனால் 99.4. எட்டு வரை போனால் 99.99. கார்சன் விதி பீட்டா + 1 ஜோடியில், அதாவது ஆறில் வெட்டுகிறது. அட்டவணையில் நீங்கள் எண்ணிய முறை, வீச்சு 1 சதவீதத்துக்குக் கீழே போகும் இடத்தில் வெட்டுகிறது. 180-க்கும் 240-க்கும் நடுவில் இருக்கும் 60 கிலோஹெர்ட்ஸில் கிடப்பது மொத்தத் திறனில் 0.6 சதவீதம் மட்டுமே.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கார்சன் விதி 98 சதவீதத் திறனை உள்ளடக்கும் என்று பாடப்புத்தகங்களில் பார்த்திருப்பீர்கள். ஒற்றைத் தொனிக்குக் கணக்கிட்டால் அதைவிட மேலேயே வரும். பீட்டா 1 என்றால் 99.9, 2 என்றால் 99.8, 5 என்றால் 99.4, 10 என்றால் 99.0. 98 என்பதைக் கீழ்வரம்பு போல எடுத்துக்கொள்வது நல்லது.

அலைவாங்கி எழுதியது:

சமன்பாடு சொன்னதோடு கொஞ்சம் வரலாறும் சேர்க்கிறேன், அது இந்த விதியின் குணத்தைப் புரியவைக்கும். 1920-களின் தொடக்கத்தில் எஃப்எம்மைப் பற்றிப் பலருக்கு ஒரு கனவு இருந்தது. விலகலை மிகச் சிறியதாக வைத்தால் ஏஎம்மைவிடக் குறுகிய பட்டையில் ஒலிபரப்பலாம் என்று நினைத்தார்கள். அது நடக்காது என்று ஜான் கார்சன் 1922-இல் கணித வழியில் காட்டினார். விலகலை எவ்வளவு குறைத்தாலும் முதல் ஜோடிப் பக்க அலைகள் செய்தி அதிர்வெண் தூரத்தில் இருந்தே தீரும். எனவே அகலம் செய்தி அதிர்வெண்ணின் இரு மடங்குக்குக் கீழே போகாது.

அடுத்த பத்தாண்டில் எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் நேர் எதிர்த் திசையில் போனார். விலகலைப் பெரிதாக்கி, பட்டையை வேண்டுமென்றே அகலமாக்கி, அதற்கு ஈடாக இரைச்சலைக் குறைத்தார். அவருடைய காப்புரிமைகள் 1933 டிசம்பரில் கிடைத்தன. இன்றைய ஒலிபரப்பு எஃப்எம் அந்த வழியில் வந்ததுதான்.

கார்சன் விதியின் அழகு இந்த இரண்டு முனைகளையும் ஒரே வரியில் பிடித்துவிடுவதில் இருக்கிறது. விலகல் மிகச் சிறியதென்றால் அகலம் செய்தி அதிர்வெண்ணின் இரு மடங்கு. விலகல் மிகப் பெரியதென்றால் விலகலின் இரு மடங்கு. இரண்டையும் கூட்டிவிட்டார்கள், நடுவில் இருப்பது தோராயம். அந்தத் தோராயம் கொஞ்சம் தளர்வது பீட்டா 2-லிருந்து 10 வரையான நடுப்பகுதியில்தான். நம் ஒலிபரப்பு எஃப்எம் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது! ஒலித்தரம் முக்கியமான இடங்களில் பீட்டா 2-க்கு மேல் இருந்தால் 2 × (விலகல் + 2 × செய்தி அதிர்வெண்) என்று எடுக்கும் வழக்கமும் உண்டு. அப்படிப் போட்டால் 210 வரும். உங்கள் பட்டியலில் நான்காவது எண்ணாக இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தொடுவானம் எழுதியது:

மிக்க நன்றி. திறன் கணக்கு தெளிவாகிவிட்டது. இன்னொரு சந்தேகம். 15 கிலோஹெர்ட்ஸ் தொனிக்குப் பதில் 1 கிலோஹெர்ட்ஸ் தொனியை அதே 75 விலகலில் அனுப்பினால் பீட்டா 75 ஆகிவிடுகிறது. பக்க அலைகள் எழுபத்தைந்துக்கும் மேல். அப்படியானால் பட்டை அகலம் பெருகிப் போகாதா?

சமன்பாடு எழுதியது:

பக்க அலைகளின் எண்ணிக்கை பெருகும், ஆனால் அவற்றின் இடைவெளி 1 கிலோஹெர்ட்ஸாகச் சுருங்கிவிடும். 76 ஜோடி × 1 கிலோஹெர்ட்ஸ் × 2 = 152. உண்மையில் 180-ஐவிடக் குறைவு. விலகல் மாறாமல் இருக்கும்போது செய்தி அதிர்வெண் ஏற ஏறத்தான் அகலம் கூடும். அதனால்தான் மோசமான நிலைக்கு எப்போதும் உச்ச செய்தி அதிர்வெண்ணை வைத்துக் கணக்கிடுகிறோம். பீட்டாவை மட்டும் பார்த்து அகலத்தை ஊகிக்காதீர்கள், விலகலையும் செய்தி அதிர்வெண்ணையும் தனித்தனியாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், தரவுத்தாளில் விலகல் என்று கொடுத்திருப்பது ஊர்தி அலையிலிருந்து ஒரு பக்கத்துக்கா, உச்சியிலிருந்து உச்சிக்கா என்று பாருங்கள். கார்சன் விதிக்கு வேண்டியது ஒரு பக்க விலகல். இதில் தடம் மாறினால் விடை ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும்.

ஈயப்பற்று எழுதியது:

எல்லாரும் திறனையே பேசுகிறீர்கள். ரிசீவர் கட்டுகிறவனுக்குத் திறன் சதவீதம் பாதிக் கதைதான்.

0.6 சதவீதம் என்பது மொத்தத்தைவிட 22 டெசிபல் கீழே. சின்னதாகத் தெரியும். ஆனால் எஃப்எம்மில் செய்தி இருப்பது அந்தப் பக்க அலைகள் ஒன்றோடொன்று வைத்திருக்கும் வீச்சு, கட்ட உறவில்தான். ஓரத்தை வெட்டினால் உறை வீச்சு ஆடும், உடனடி அதிர்வெண் உச்சிக்குப் போகும் நேரங்களில் அலைவடிவம் கோணலாகும், ஒலியில் உருக்குலைவாகக் கேட்கும். ஃபில்டரின் ஓரத்தில் குழுத் தாமதம் (ஒவ்வொரு அதிர்வெண்ணும் ஃபில்டரைக் கடக்க எடுக்கும் நேரம்) ஏறி இறங்கினால் இன்னும் மோசம். ஒரே 180 அகலத்தில் இரண்டு ஃபில்டர், ஒன்று கட்டச் சீரானது, மற்றது இல்லாதது என்றால், கேட்கும்போது இரண்டும் ஒன்றாக இருக்காது. மென்பொருளில் எழுதுகிறவருக்கு இங்கே பெரிய வசதி: சமச்சீரான எஃப்ஐஆர் ஃபில்டர் (அண்மைய மாதிரிகளை எடையிட்டுக் கூட்டும் இலக்கமுறை ஃபில்டர்) போட்டால் குழுத் தாமதம் முழுக்கச் சீராகிவிடும். தயவுசெய்து அதைப் பயன்படுத்துங்கள்.

எஃப்எம் ரிசீவர்களின் இடைநிலை அதிர்வெண்ணான 10.7 மெகாஹெர்ட்ஸுக்கான செராமிக் ஃபில்டர்கள் 280, 230, 180, 150, 110 கிலோஹெர்ட்ஸ் என்று பல அகலங்களில் ஏன் விற்கிறார்கள் என்று யோசியுங்கள். பக்கத்து நிலையம் இல்லாத இடத்தில் 280 போட்டால் ஸ்டீரியோ சுத்தமாக வரும். தொலைதூர நிலையத்தைத் தேடிப் பிடிக்கிறவர்கள் 110 போட்டு, உருக்குலைவைப் பொறுத்துக்கொண்டு, பக்கத்து நிலையத்தைத் தள்ளிவைப்பார்கள். இரண்டு பேரும் பிடிப்பது ஒரே ஒலிபரப்பைத்தான்.

இரைச்சலையும் மறக்க வேண்டாம். ஃபில்டரை 180-லிருந்து 256-க்கு விரித்தால் உள்ளே வரும் இரைச்சல் 1.5 டெசிபல் கூடும். பலமான சிக்னலில் இது தெரியவே தெரியாது. ஆனால் எஃப்எம்முக்கு ஒரு வாசல் உண்டு. ஊர்தி அலைக்கும் இரைச்சலுக்குமான விகிதம் சுமார் 10 டெசிபலுக்குக் கீழே இறங்கினால் ஒலி படபடவென்று உடைய ஆரம்பிக்கும். அந்த விளிம்பில் நிற்கும் சிக்னலுக்கு 1.5 டெசிபல் பெரிய விஷயம்.

தொடுவானம் எழுதியது:

> இரண்டு பேரும் பிடிப்பது ஒரே ஒலிபரப்பைத்தான்.

இது புரிகிறது. ஆனால் ஸ்டீரியோவின் 256 இன்னும் தீரவில்லையே. 280 ஃபில்டர் போட்டவருக்குச் சரி. 200 இடைவெளியில் நிலையங்களை ஒதுக்குகிறவர்கள் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள்?

அலைவாங்கி எழுதியது:

இதில்தான் விஷயம் சுவையாகிறது, கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் எளிய பகுதி. ஒரே பகுதியில் அடுத்தடுத்த சேனல்களை இரண்டு நிலையங்களுக்குக் கொடுப்பதில்லை. ஐரோப்பாவில் சேனல் கட்டம் 100 கிலோஹெர்ட்ஸ்தான், ஆனாலும் ஒரே ஊரில் நிலையங்களைத் தள்ளித் தள்ளித்தான் வைக்கிறார்கள். சேனல் கட்டம் என்பது எண் இடும் முறை. எவ்வளவு தள்ளி வைப்பது என்பதைப் பாதுகாப்பு விகிதங்கள் (விரும்பும் சிக்னல் இடையூறு சிக்னலைவிட எவ்வளவு பலமாக இருக்க வேண்டும் என்ற வரம்புகள்) முடிவு செய்கின்றன.

இப்போது 256. ஸ்டீரியோ கூட்டுச் சிக்னலில் 0-விலிருந்து 15 வரை இடமும் வலமும் கூட்டியது, 19-இல் பைலட் தொனி (ஸ்டீரியோ வருகிறது என்று ரிசீவருக்கு அடையாளம் காட்டுவது), 23-லிருந்து 53 வரை இடம் வலம் வேறுபாடு. 2 × (75 + 53) என்று எழுதும்போது நாம் சொல்லாமல் சொல்வது என்ன? 53 கிலோஹெர்ட்ஸில் இருக்கும் ஒரு கூறு தனியாக முழு 75 விலகலையும் எடுத்துக்கொள்கிறது என்பது. அப்படி நடக்க வழியே இல்லை.

மிகக் கடுமையான ஒரு நிலையை எடுத்துக்கொள்வோம். இடது பக்கத்தில் மட்டும் 15 கிலோஹெர்ட்ஸ் தொனி, முழு அளவில். பைலட்டுக்கு 10 சதவீதம் போக மீதி 67.5 கிலோஹெர்ட்ஸ் விலகல். அதில் பாதி, 33.75, கூட்டல் பகுதிக்குப் போய் 15-இல் உட்காரும். மறு பாதி வேறுபாட்டுப் பகுதிக்குப் போய், 38-ஐச் சுற்றி இரண்டாகப் பிரிந்து, 23-இலும் 53-இலும் தலா 16.875 ஆகிவிடும். ஆக 53-இன் பீட்டா வெறும் 16.875 / 53 = 0.32. இவ்வளவு சிறிய பீட்டாவுக்கு முதல் ஜோடியைத் தாண்டி எதுவும் பேசும்படி இருக்காது. முதல் ஜோடியின் வீச்சே 0.16 அளவுதான்.

பல தொனிகள் சேரும்போது பெசல் மதிப்புகள் பெருக்கிக்கொள்ளும். 53 + 15 + 15 போன்ற கலப்புகள் தோன்றும், ஆனால் ஒவ்வொரு பெருக்கலிலும் வீச்சு சிறுத்துக்கொண்டே போகும். இத்தனைக்கும் நிஜ இசையில் 15 கிலோஹெர்ட்ஸில் முழு அளவுத் தொனி வருவது அரிதிலும் அரிது. முன் அழுத்தம் உயர் அதிர்வெண்களைத் தூக்கிவிடுகிறது என்பதைக் கணக்கில் எடுத்தாலும் அந்தப் பகுதியில் ஆற்றல் குறைவு. ஆகவே 256-ஐ எட்டவே எட்டாத மேல்வரம்பாகப் பாருங்கள். ஸ்டீரியோ நிலையத்தின் நிஜமான 99 சதவீத அகலம் அதைவிட நன்றாகவே கீழே இருக்கும்.

சமன்பாடு எழுதியது:

அலைவாங்கி சொன்னதற்கு ஒரு தேற்றமும் துணை இருக்கிறது. விலகல் செய்தி அதிர்வெண்ணைவிட நன்றாகப் பெரியதாக இருக்கும்போது, எஃப்எம் ஸ்பெக்ட்ரத்தின் வடிவம் செய்தியின் வீச்சுப் பரவலைப் பின்பற்றும். வுட்வார்டின் தேற்றம் என்று பெயர். உடனடி அதிர்வெண் எங்கே அதிக நேரம் தங்குகிறதோ அங்கே அதிகத் திறன் சேரும். சைன் அலை தன் உச்சிகளில் அதிக நேரம் தங்கும், அதனால் ஒற்றைத் தொனியின் ஸ்பெக்ட்ரத்துக்கு ஓரங்களில் கொம்பு முளைக்கும். இசையும் பேச்சும் பெரும்பாலும் சுழியை ஒட்டியே இருக்கும், அதனால் ஸ்பெக்ட்ரம் நடுவில் மலைபோல் குவியும்.

செய்தி காசியன் (மணிவடிவப் பரவலுள்ள) இரைச்சல் போல இருந்தால் 99 சதவீத அகலம், சராசரி வர்க்கமூல விலகலின் 5.15 மடங்கு. 75-ஐ அதன் மூன்று மடங்கு உச்சியாக எடுத்தால் வர்க்கமூல விலகல் 25, அகலம் 129 கிலோஹெர்ட்ஸ். இரு மடங்கு உச்ச விலகலான 150-ஐவிடக்கூடக் குறைவு! கார்சன் விதி உச்சியை மட்டும் பார்க்கிறது, சிக்னல் அந்த உச்சியில் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதைப் பார்ப்பதே இல்லை.

இலக்கமுறை எழுதியது:

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். எஃப்எஸ்கேக்கும் (பிட்களை அதிர்வெண் மாற்றமாக அனுப்பும் முறைக்கும்) இதே விதியைப் போடலாமா? செய்தி அதிர்வெண்ணுக்குப் பதில் பிட் வேகத்தில் பாதியை வைத்துப் போடுகிறார்கள்.

சமன்பாடு எழுதியது:

முதல் தோராயத்துக்குப் போடலாம். எஃப்எஸ்கேயின் ஒரு வகையான எம்எஸ்கேயை எடுத்துக்கொள்ளுங்கள். விலகல் பிட் வேகத்தில் கால் பங்கு, செய்தி அதிர்வெண் பாதிப் பங்கு. கார்சன் 1.5 மடங்கு என்கிறது. எம்எஸ்கேயின் நிஜமான 99 சதவீத அகலம் பிட் வேகத்தின் சுமார் 1.2 மடங்கு. விநாடிக்கு 9,600 பிட் என்றால் 14.4-க்குப் பதில் ஏறக்குறைய 11.5 கிலோஹெர்ட்ஸ்.

ஆனால் சதுரத் துடிப்புக்கு உச்ச அதிர்வெண் என்று ஒன்று கிடையாது, அதன் மேல்சுரங்கள் நீண்டுகொண்டே போகும். 99 சதவீதம் வரை சிக்கல் தெரியாது. பக்கத்துச் சேனலில் 60 டெசிபல் கீழே என்ன விழுகிறது என்று கேட்டால் கார்சனிடம் பதில் இல்லை. துடிப்பை முதலில் மழுக்கி அனுப்புவது அதற்காகத்தான். அங்கே ஸ்பெக்ட்ரத்தை நேரடியாகக் கணக்கிடுவதே ஒரே வழி.

ஈயப்பற்று எழுதியது:

குறும்பட்டை எஃப்எம் வேலை செய்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. விலகல் 5, பேச்சு 3 கிலோஹெர்ட்ஸ் என்றால் கார்சன் 16. சிக்னலின் அகலத்தையும் வகையையும் குறிக்கும் உமிழ்வுக் குறியீட்டில் 16கே0எஃப்3இ என்று எழுதுவதில் உள்ள 16 இதுவேதான். 12.5 கிலோஹெர்ட்ஸ் சேனலுக்கு விலகலைப் பாதியாக்கி 2.5 வைத்தால் 11, அதனால் 11கே0எஃப்3இ. இந்த வகையில் கார்சன் விதி சட்டத்துக்குள்ளேயே போய் உட்கார்ந்திருக்கிறது.

ஆனால் ரிசீவர் ஃபில்டருக்கு 16 போதும் என்று நினைத்துவிடாதீர்கள். 435 மெகாஹெர்ட்ஸில், அதிர்வெண்ணைத் தீர்மானிக்கும் உங்கள் படிகம் பத்து லட்சத்தில் 20 பங்கு விலகினால் 8.7 கிலோஹெர்ட்ஸ் நகர்வு. சிக்னலின் பாதி வெளியே போய்விடும். ஒன்று ஃபில்டரை விரிக்க வேண்டும், இல்லை நல்ல அலையியற்றி போட வேண்டும், இல்லை மென்பொருளில் நகர்வைப் பின்தொடர வேண்டும். தாழ்வட்டப் பாதைச் செயற்கைக்கோள்களைக் கேட்பவர்களுக்கு இதோடு டாப்ளர் நகர்வும் சேரும். 100 மெகாஹெர்ட்ஸ் ஒலிபரப்பில் அதே படிகம் 2 கிலோஹெர்ட்ஸ்தான் நகரும், 180 அகலத்தில் அது பொருட்டே இல்லை.

அலைவாங்கி எழுதியது:

தொடுவானம், இதுவரை சொன்ன எல்லாவற்றையும் நீங்களே சரிபார்க்கலாம். கணினியில் 15 கிலோஹெர்ட்ஸ் தொனியால் 75 விலகலில் ஒரு எஃப்எம் சிக்னல் உருவாக்குங்கள். ஃபூரியே மாற்றம் எடுங்கள். திறனை இடமிருந்து வலமாகக் கூட்டிக்கொண்டே போய், கீழே 0.5 சதவீதமும் மேலே 0.5 சதவீதமும் ஒதுக்குங்கள். மீதி இருக்கும் அகலம்தான் பன்னாட்டு வானொலி விதிமுறைகள் சொல்லும் நிறைந்த பட்டை அகலம். ஸ்பெக்ட்ரம் அனலைசரில் இதைச் செய்ய ஒரு பொத்தானே இருக்கும்.

நிஜக் கருவியின் விலகலை அளக்க வேண்டுமென்றால் ஊர்தி அலை மறையும் புள்ளியைப் பிடியுங்கள். பீட்டா 2.405 ஆகும்போது ஊர்தி அலை முழுக்க மறைந்துவிடும், அடுத்து 5.520-இல். 2,079 ஹெர்ட்ஸ் தொனியைக் கொடுத்து, விலகலைச் சுழியிலிருந்து ஏற்றிக்கொண்டே போய், ஊர்தி அலை முதல்முறை மறையும் இடத்தில் நிறுத்தினால் விலகல் சரியாக 5 கிலோஹெர்ட்ஸ். இவ்வளவு எளிய கருவியில் இவ்வளவு துல்லியம் கிடைக்கும் அளவீடு ரேடியோவில் அபூர்வம். எனக்கு மிகவும் பிடித்த முறை இது.

தொடுவானம் எழுதியது:

ஒற்றைத் தொனியைக் கணினியில் ஓட்டிப் பார்த்தேன். 5 ஜோடியில் 95.9, 6 ஜோடியில் 99.4 என்று சமன்பாடு சொன்னபடியே வருகிறது. 99 சதவீத அகலம் 180-இல் போய் நிற்கிறது. தொனியை எடுத்துவிட்டு இசைக் கோப்பைக் கொடுத்ததும் ஓரத்துக் கொம்புகள் போய் நடுவில் குவிந்துவிட்டது, அதைக் கண்ணால் பார்த்தது பெரிய மகிழ்ச்சி.

முடிவாக இப்படி வைத்திருக்கிறேன். வழக்கமான கேட்பதற்கு 200 கிலோஹெர்ட்ஸ், சமச்சீர் எஃப்ஐஆர். பலமான சிக்னல், பக்கத்தில் யாரும் இல்லை என்றால் 240. பலவீனமான நிலையத்துக்கு மோனோவில் 120. மாற்றிக்கொள்ளத் திரையில் ஒரு தெரிவு.

கடைசியாக ஒன்று. 57 கிலோஹெர்ட்ஸில் ஆர்டிஎஸ் தரவும் (நிலையத்தின் பெயர் போன்றவற்றைச் சுமப்பது) வருகிறதே, அதற்காக இன்னும் விரிக்க வேண்டுமா?

அலைவாங்கி எழுதியது:

வேண்டாம். ஆர்டிஎஸ்ஸுக்கு வழக்கமாக 2 கிலோஹெர்ட்ஸ் அளவு விலகல்தான் கொடுக்கிறார்கள். பீட்டா 2 / 57 = 0.035, முதல் ஜோடியின் வீச்சு அதில் பாதி, 0.0175. ஊர்தி அலையைவிட 35 டெசிபல் கீழே. அடுத்த ஜோடியைக் கணக்கிலேயே எடுக்க வேண்டாம். 57-ஐச் சுற்றி இரு பக்கமும் 2.4 கிலோஹெர்ட்ஸ் அதன் சொந்த அகலம். அதாவது தனியாகப் பார்த்தால் ஊர்தி அலையிலிருந்து 60 கிலோஹெர்ட்ஸுக்குள் முடிந்துவிடுகிறது. உங்கள் 200 தாராளமாகப் போதும். 120-க்குச் சுருக்கும் தெரிவில் மட்டும் ஃபில்டரின் சரிவு சரியாக அந்த 60-இல் விழும், அங்கே ஆர்டிஎஸ்ஸை அணைத்துவிடுங்கள்.